பழைய காருக்கு வரும் முறைக்காய்ச்சல்

மனிதருக்கு வரும் காய்ச்சல்களில் முறைக்காய்ச்சல் என்று ஒன்று உண்டு. ஒரு நாள் உடலை உலுக்கி எடுக்கும். மறுநாள் நோயாளி எழுந்து உலாவுவார். வைத்தியர் வந்து நாடி பார்க்கும் வேளையில் குறை ஒன்றும் தென்படாது. அவர் படியிறங்கிச் சென்ற பின் மீண்டும் குளிரும் நடுக்கமும் தொடங்கும். நெடுநாள் உழைத்த மோட்டார்க் கார்களுக்கும் இத்தகைய நோய் வருவதுண்டு. காலையில் சாவியைத் திருப்பியவுடன் கிளம்பிய வண்டி, மாலையில் கடைத்தெருவில் நின்றுகொண்டு அசைய மறுக்கும். நாலு பேர் கூடித் தள்ளினால் கிளம்பும். அல்லது அரைமணி நேரம் கழித்துத் தானே கிளம்பும். பட்டறைக்குக் கொண்டு சென்றாலோ, மெக்கானிக்கின் முன்னிலையில் முதல் திருப்பத்திலேயே உயிர் பெற்று நம்மைப் பொய்யராக்கிவிடும்.

வெளி மாநிலங்களில் குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றில், தந்தையாரோ பாட்டனாரோ வாங்கிய அம்பாசிடரும் பியட்டும் இன்றும் வாயிலில் நிற்கின்றன. வங்கத்து உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. பம்பாய்க் குர்லாவில் உருவான பிரீமியர் பத்மினி அதற்கும் முன்பே, 2000ஆம் ஆண்டை ஒட்டி நின்றுவிட்டது. மும்பை வீதிகளில் எஞ்சியிருந்த கடைசிப் பத்மினி டாக்சியும் 2023 அக்டோபரில் இருபதாண்டு வரம்பை எட்டி ஓய்வு பெற்றது. டாக்சிகள் மறைய, அவற்றின் ஒலியைக் கேட்டே குறையைச் சொல்லிவிடும் கைதேர்ந்த மெக்கானிக்குகளும் அருகி வருகின்றனர். இன்றைய இளைஞர் ஒரு கருவியைச் செருகி, வண்டியின் கணிப்பொறி கூறும் குறிப்பைப் படித்துப் பழுது பார்க்கப் பழகியவர். கணிப்பொறியே இல்லாத வண்டி அவரிடம் என்ன சொல்லும்?

ஆகவே வழக்கமாக நிகழ்வது இதுதான். முதலில் பாட்டரி மாற்றப்படுகிறது. வண்டி ஒரு வாரம் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு மீண்டும் மறுக்கிறது. அடுத்து காயில், பிறகு பிளக்குகள், பிறகு ஸ்டார்ட்டர். ஒவ்வொன்றாகப் பணம் செலவாகிறது. இனிக் கிடைத்தற்கரிய அசல் பாகங்கள் காயலான் கடைக்குப் போகின்றன. இறுதியில், "இதை நம்பி இரவில் ரயில் நிலையத்துக்குப் போக முடியாது" என்று வீட்டார் தீர்மானிக்கின்றனர், கார் விற்கப்படுகிறது. பழுது இருந்ததோ ஒரு சாண் கம்பியில். கைவிட்டுப் போனதோ முப்பது நாற்பது ஆண்டுகள் குடும்பத்தைச் சுமந்த வண்டி. முறை அறிந்து தேடினால் இந்த இழப்பைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். அம்முறையை அம்பாசிடர் காரின் பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குவோம். பழைய வண்டிகள் பெரும்பாலானவற்றுக்கும் இதே முறை பொருந்தும்.

முதற் கருவி குறிப்பேடு

விட்டு விட்டு வரும் குறையைத் தேடுவோர்க்கு முதலில் தேவைப்படுவது ஸ்பானர் அன்று. ஒரு சிறு குறிப்பேடும் பென்சிலுமே. அவற்றைக் காரின் உள்ளறையில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி மறுக்கும் ஒவ்வொரு முறையும் இந்தச் செய்திகளைக் குறியுங்கள்: நாள், நேரம், எஞ்சின் சூடாக இருந்ததா, குளிர்ந்திருந்ததா, மழையா, வெயிலா, சாவியைத் திருப்பியபோது கேட்ட ஒலி யாது, மீண்டும் எப்படிக் கிளம்பியது. ஒழுங்காகக் கிளம்பிய முறைகளையும் ஒரு கோடிட்டு எண்ணி வாருங்கள். பத்து நாள் குறிப்பில், இதுவரை கண்ணுக்குப் புலப்படாத ஒழுங்கு ஒன்று தலைகாட்டும். "எப்போதாவது" என்று நாம் நினைத்திருந்தது, "இருபது நிமிடம் ஓடி நிறுத்திய பின்பு மட்டும்" என்று தெளிவாகும். பாதி வேலை அங்கேயே முடிந்தது எனலாம்.

நால்வகை மறுப்பு

"வண்டி கிளம்பவில்லை" என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. மறுப்பு நால்வகைப்படும், ஒவ்வொன்றும் வேறு இடத்தைச் சுட்டுவது.

முதல் வகை, முழு மௌனம். சாவியைத் திருப்பினாலோ பொத்தானை அழுத்தினாலோ ஒரு சத்தமும் இல்லை.

இரண்டாம் வகை, 'டக்' என்னும் ஒற்றை ஒலியோடு நின்றுவிடுவது. அல்லது எஞ்சின் சோம்பலாக ஒரு முறை புரண்டு நின்றுவிடுவது.

மூன்றாம் வகை, ஸ்டார்ட்டர் மட்டும் 'விர்' என்று தனியே சுழல்வது, எஞ்சின் அசைவதில்லை.

நான்காம் வகை, எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளாமல் இருப்பது.

முதல் மூன்றும் பாட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் இடைப்பட்ட நோய்கள். நான்காவதோ தீப்பொறியையும் பெட்ரோலையும் சார்ந்தது. நான்காம் வகை நோய்க்கு ஸ்டார்ட்டரை மாற்றுவது, தலைவலிக்குக் காலில் கட்டுப் போடுவதற்கு ஒப்பாகும்.

முதல் இரு வகைகளில் ஐயம் தீர எளிய சோதனை ஒன்று உண்டு. முன்விளக்குகளை ஏற்றிவிட்டு, ஒருவரை வெளியே நிற்கச் செய்து, சாவியைத் திருப்புங்கள். விளக்குகள் அறவே அணைந்து போனால், பாட்டரி வற்றியுள்ளது அல்லது அதன் இணைப்பு கெட்டுள்ளது. விளக்குகள் சிறிதும் மங்காமல் எரிந்தால், மின்சாரம் ஸ்டார்ட்டரை எட்டவே இல்லை. சாவி ஸ்விட்ச், ஸோலினாய்டு, ஸ்டார்ட்டரின் கார்பன் பிரஷ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். விளக்குகள் மிகவும் மங்கி எஞ்சினும் அசையாவிட்டால், ஸ்டார்ட்டரின் பல்சக்கரம் சிக்கியிருக்கலாம்.

விளக்கு எரிகிறது, வண்டி ஏன் சுழலவில்லை?

பலரையும் ஏமாற்றும் இடம் இது. "விளக்கு பளிச்சென்று எரிகிறது, ஹாரன் அலறுகிறது, ஆகையால் பாட்டரியும் கம்பிகளும் சரியே" என்று முடிவு செய்கிறோம். இம்முடிவு தவறாகலாம் என்பதைச் சிறு கணக்கினால் காண்போம்.

பாட்டரியின் முனையில் வெண்பூஞ்சை போல் உப்புப் பூத்து, இணைப்பில் 0.02 ஓம் அளவு தடை ஏற்பட்டுள்ளது என்று கொள்வோம். முன்விளக்குகள் இரண்டும் சேர்ந்து சுமார் 7 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். 7-ஐ 0.02-ஆல் பெருக்கினால் 0.14 வோல்ட். இவ்வளவு குறைந்ததை விளக்கு உணராது. நம் கண்ணும் உணராது. ஆனால் ஸ்டார்ட்டர் இழுப்பது 150 ஆம்பியர் என்றால், அதே இணைப்பில் 3 வோல்ட் வீணாகிறது. 12 வோல்ட்டில் மூன்றை வழியிலேயே இழந்துவிட்டால் எஞ்சினைச் சுழற்ற எங்கிருந்து வலிமை வரும்? வீணான அந்த ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. ஆதலால் ஸ்டார்ட்டரை இயக்கிய பின் எந்த இணைப்பு கைக்குச் சுடுகிறதோ அதுவே குற்றவாளி எனக் கொள்ளலாம்.

இந்த இணைப்புகளுள் அதிகம் மறக்கப்படுவது எஞ்சினின் எர்த் பட்டை. எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்ந்திருக்கிறது. ரப்பரோ மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே எஞ்சினையோ கியர்ப் பெட்டியையோ காரின் உடலோடு இணைக்கச் செம்பு இழைகளால் பின்னிய பட்டை ஒன்று உண்டு. ஆண்டுக்கணக்கான அதிர்ச்சியில் அதன் இழைகள் ஒவ்வொன்றாய் அறும். எண்ணெயும் துருவும் அதன் முனைகளை மூடும். பட்டை வலுவிழந்தால் மின்சாரம் வேறு வழி தேடி, சோக் கம்பி, ஆக்ஸிலரேட்டர் கம்பி முதலியவற்றின் வழியே பாயும். ஸ்டார்ட்டரை இயக்கும்போது சோக் கம்பி சுடுவதோ புகைவதோ கண்டால், வேறெங்கும் தேட வேண்டா. எர்த் பட்டையைப் பாருங்கள்.

இவற்றை அளந்தறிய ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ஓய்வில் இருக்கும் நிறைவான பாட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் ஏறக்குறைய பாதியே உள்ளது. எஞ்சின் சுழலும்போது பாட்டரியின் முனைகளில் 10 வோல்ட் அளவிலாவது நிற்க வேண்டும். அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் தண்டிலும், மறு முனையை எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியிலும் வைத்து, ஸ்டார்ட்டரை இயக்கச் சொல்லுங்கள். மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் பழுது உண்டு. இணைப்புகளைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸலின் தடவினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பழைய வண்டிகளில் கிளம்பாக் குறைகள் பலவும் இந்தச் செலவில்லா வைத்தியத்திலேயே அடங்கிவிடுகின்றன.

'டக்' என்ற ஒலி கேட்டும் ஸ்டார்ட்டர் அசையாதிருந்து, இணைப்புகளும் சரியாக இருந்தால், ஸோலினாய்டின் உள்தகடு கருகியிருக்கலாம். ஸ்டார்ட்டரின் உடலை ஒரு மரக்கட்டையால் மெல்லத் தட்டியவுடன் அது சுழன்றால், கார்பன் பிரஷ் தேய்ந்துள்ளது என்பது பொருள். மூன்றாம் வகையான வீண் சுழற்சிக்குப் பல்சக்கரம் ஏறி இறங்கும் திருகுமறையில் படிந்த அழுக்கே பெரும்பாலும் காரணம். அங்கே எண்ணெய் விடுவது கூடாது. எண்ணெய் தூசியைப் பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெயால் கழுவி உலரவிடுவதே முறை. பல்சக்கரம் சிக்கிக்கொண்டால், சாவியை அணைத்து, டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் விடுபடும்.

சுழன்றும் பற்றாத எஞ்சின்

நான்காம் வகைக்கு வருவோம். வண்டி மறுக்கும் அந்தத் தருணத்திலேயே சோதிப்பது இங்கு முக்கியம். கிளம்பிய பின் சோதித்துப் பயனில்லை. ஒரு பிளக் கம்பியைக் கழற்றி, அதில் ஒரு உபரிப் பிளக்கைச் செருகி, பிளக்கின் உடல் எஞ்சின் உலோகத்தைத் தொடுமாறு, கார்புரேட்டருக்கு எட்டத்தில் வைத்து, எஞ்சினைச் சுழற்றுங்கள். நீல நிறத்தில் 'சட் சட்' என்ற ஒலியோடு பொறி பாய்ந்தால் மின்சாரப் பகுதி நலமே, பெட்ரோலைத் தேடலாம். மஞ்சளாய் மெலிந்து வந்தாலோ, வரவே இல்லையானாலோ டிஸ்ட்ரிபியூட்டரைத் திறக்க வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒளிந்திருக்கும் கள்வர் மூவர். முதலாவது, பாயிண்டுகள். அவை கருகியோ குழி விழுந்தோ இருந்தால் பொறி நலியும். அவற்றின் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது சுமார் 0.4 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். இரண்டாவது, கண்டென்சர். குளிர்ந்திருக்கையில் நன்றாக வேலை செய்து, சூடேறியபின் கெட்டுப்போவது இதன் இயல்பு. பாயிண்டுகளுக்கிடையே கண்ணைப் பறிக்கும் பொறி தெறிக்குமாயின் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். காயிலும் இவ்வாறே சூட்டில் மட்டும் கெடுவதுண்டு.

மூன்றாவது கள்வன் மிகவும் தந்திரசாலி. பாயிண்டுகள் அமர்ந்துள்ள தட்டு, வண்டி ஓடும்போது எஞ்சினின் உறிஞ்சலுக்கு ஏற்ப இப்புறமும் அப்புறமும் சிறிது அசையும். அத்தட்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் மெல்லிய கம்பியும், எர்த் கம்பியும் அசைவுக்கு இணங்கி வளையும். ஆயிரமாயிரம் முறை வளைந்த பின், மேலுறை முழுமையாக இருக்க, உள்ளேயுள்ள இழைகள் அறுந்துவிடும். தட்டு ஒரு நிலையில் நின்றால் இழைகள் தொட்டுக்கொண்டு வண்டி கிளம்பும். மயிரிழை விலகி நின்றால் கிளம்பாது. கண்ணால் பார்த்தால் கம்பி புதிது போலவே தோன்றும். சிறிய இடுக்கியால் மெல்ல இழுத்துப் பாருங்கள். நல்ல கம்பி நீளாது, உள்ளே அறுந்த கம்பியோ ரப்பரைப் போல் நீளும். காயிலையும் பிளக்குகளையும் மாற்றி மாற்றிச் சலித்தவர்களின் பணத்தை விழுங்கியது பெரும்பாலும் இந்தச் சிறு கம்பிதான்.

நாம் பார்க்கும் வேளையில் குறை மறைந்துவிடுமாயின், அதற்கு ஓர் ஒற்றனை வைக்கலாம். 12 வோல்ட் சிறு பல்பு ஒன்றில் இரு கம்பிகளைப் பொருத்தி, ஒன்றைக் காயிலில் சாவியிலிருந்து மின்சாரம் வரும் முனையோடும், மற்றதைக் காரின் உடலோடும் இணைத்து, பல்பை ஓட்டுநரின் கண்ணெதிரே தொங்கவிடுங்கள். வண்டி மறுக்கும்போது பல்பு அணைந்திருந்தால் பழுது சாவி ஸ்விட்ச்சிலோ அதிலிருந்து வரும் கம்பியிலோ உள்ளது. எரிந்துகொண்டிருந்தால் காயிலுக்கு அப்பால் தேடுங்கள்.

ஊருக்கு ஊர் வேறுபடும் நோய்

பாரதத்தின் பல திசைகளிலும் வாழும் நம் அன்பர்களுக்கு அவரவர் ஊரின் பருவமே ஒரு துப்பாக அமையும்.

டில்லியின் தை மாதக் குளிரில் பாட்டரியின் திறன் குறைகிறது. எஞ்சின் ஆயிலோ தடித்துச் சுழற்சியை எதிர்க்கிறது. கோடையில் குறை மறைத்த பாட்டரி அப்போதுதான் தன் முதுமையைக் காட்டும்.

மும்பை, கல்கத்தா மழைக்காலத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறம் ஈரம் படியும். மூடியில் பென்சிலால் கீறியது போன்ற மெல்லிய கரிய கோடு தென்பட்டால், பொறி அதன் வழியே கசிந்து வீணாகிறது என்று அறியலாம். அம்மூடியை மாற்றியே தீர வேண்டும். ஈரம் மட்டுமே காரணமாயின் உலர்ந்த துணியால் துடைப்பது போதும்.

நாகபுரி, ஆமதாபாத் வெயிலில் நோய் வேறு. அம்பாசிடர் எஞ்சினில் புகைபோக்கிக் குழாய்களும் கார்புரேட்டரும் ஒரே பக்கத்தில் அமைந்துள்ளன. ஓடும்வரை காற்று வெப்பத்தைக் கொண்டு போகும். நிறுத்தியவுடன் அவ்வெப்பம் முழுவதும் மேலெழுந்து கார்புரேட்டரிலும் குழாயிலும் உள்ள பெட்ரோலைக் கொதிக்கச் செய்யும். பெட்ரோல் ஆவியானால் பம்பினால் அதைத் தள்ள இயலாது. பானெட்டைத் திறந்து இருபது நிமிடம் காத்திருப்பதும், பெட்ரோல் குழாயைப் புகைபோக்கியினின்று விலக்கி அமைப்பதும் மருந்தாகும். பெட்ரோல் டாங்கியின் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைபட்டாலும் வண்டி இவ்வாறே மறுக்கும். மூடியைத் திறந்தவுடன் 'உஸ்' என்று காற்று உள்ளிழுக்கப்பட்டு, வண்டியும் கிளம்பினால், காரணம் அதுவே.

இன்னொன்றையும் கருத வேண்டும். 2023 முதல் இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாட்டில் பரவி வந்துள்ளது. பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் எத்தனால் அரிக்கவல்லது, ஈரத்தையும் உறிஞ்சும். அரிபட்ட ரப்பர்த் துகள் கார்புரேட்டரின் மிதவை அறையில் உள்ள ஊசியில் சிக்கினால், அதுவும் வந்து வந்து போகும் நோயே. எத்தனாலைத் தாங்கும் குழாய்களைப் பொருத்தி, மாதக்கணக்கில் வண்டியை ஓட்டாமல் பெட்ரோலோடு நிறுத்திவைப்பதைத் தவிர்ப்பது நன்று.

சில எச்சரிக்கைகள்

சோதிக்குமுன் கை பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். வேட்டி நுனியும் மேல்துண்டும் புடவைத் தலைப்பும் விசிறியின் அருகே வரலாகாது. பாட்டரியினின்று வெளிப்படும் வாயு தீப்பற்றக் கூடியது. அருகில் புகை பிடித்தல் கூடாது. பாட்டரியைக் கழற்றும்போது எர்த் முனையை முதலிலும், பூட்டும்போது கடைசியிலும் கையாள வேண்டும். பழைய ஆங்கில வழக்கத்தில் அமைந்த வண்டிகளில் பாசிட்டிவ் முனையே எர்த்தாக இருக்கும். புதிய பாட்டரி பொருத்துமுன் எந்த முனை உடலோடு சேர்ந்துள்ளது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹாண்டில் போட்டுச் சுழற்றுவோர், கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துப் பிடியுங்கள். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கட்டைவிரலுக்கு ஆபத்து.

நோய் தீர்ந்தது என எப்போது சொல்லலாம்?

ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுங்கள். மூன்று பாகங்களை ஒருங்கே மாற்றி வண்டி கிளம்பிவிட்டால், நோய் எது, மருந்து எது என்பதை என்றும் அறிய இயலாது. கழற்றிய பாகத்தை எறியாமல், தாளில் சுற்றி, பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். பெரும்பாலும் அது குற்றமற்றது என்று பின்னர் தெரியவரும். இதில் வேறொரு நன்மையும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தம், 50 ஆண்டு கடந்து அசல் உருவத்தோடு விளங்கும் வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிந்து, 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட எண் வழங்க வழி செய்துள்ளது. அசல் பாகங்களைக் காப்பது வண்டியின் மதிப்பையே காப்பதாகும்.

இறுதியாக, அவசரப்பட்டு வெற்றி கொண்டாட வேண்டா. ஐந்து முறைக்கு ஒரு முறை மறுத்து வந்த வண்டி, நாம் கை வைக்காமலேயே தொடர்ந்து ஐந்து முறை கிளம்ப மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. "பாட்டரி மாற்றினோம், ஒரு வாரம் ஓடியது" என்னும் ஏமாற்றத்தின் காரணம் இதுவே. தொடர்ந்து இருபது முறை தற்செயலாகக் கிளம்பவோ நூற்றில் ஒரு வாய்ப்பே உள்ளது. ஆகவே குறிப்பேட்டில் இருபது கோடுகள் இடையறாது விழும்வரை பொறுத்திருங்கள். அவையும் நோய் வழக்கமாக வந்த சூழ்நிலையிலேயே விழ வேண்டும்: சூட்டில் மறுத்த வண்டியைச் சூட்டிலும், மழையில் மறுத்த வண்டியை மழையிலும் சோதிக்க வேண்டும்.

இருபதாவது கோட்டை இட்ட பிறகு, தயங்காமல் வீட்டாரை ஏற்றிக்கொண்டு, இரவு ரயிலில் வரும் உறவினரை அழைத்து வர நிலையத்துக்குப் புறப்படலாம்.